ஏறுகிறவர்களின் உடுப்பு: எலிசபெத் காலமும் சினிமாவும்

எலிசபெத் ராணி காலத்தை வைத்து எடுத்த படங்களில் உடையும் இடமும் ஒருவருடைய வர்க்கத்தை எப்படிச் சொல்கின்றன, அந்தக் காலத்தில் நடக்காத படங்களிலும் அந்தச் சாயல் ஏன் தென்படுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டும் முத்தும் போட்டவர் பணக்காரர், முரட்டுக் கம்பளித் துணி போட்டவர் ஏழை என்பதுதான் வழக்கமாக வரும் பதில். அது சரிதான், ஆனால் எந்தக் காலத்துப் படத்துக்கும் அதையே சொல்லிவிடலாம். எலிசபெத் காலத்துக்கென்று தனியாக ஒன்று உண்டு. 1558 முதல் 1603 வரை நடந்த அந்த ஆட்சியில் கண்ணைப் பறிக்கும்படி உடுத்தியவர்களிலும் பெரிய மாளிகை எழுப்பியவர்களிலும் பலர் பரம்பரையாக உச்சியில் இருந்தவர்கள் இல்லை. அப்போதுதான் மேலே ஏறிக்கொண்டிருந்தவர்கள். அந்தப் பதற்றத்தைப் பிடித்த படங்கள் நிற்கின்றன. அதைத் தவறவிட்ட படங்களில் அழகான துணி மட்டும் மிஞ்சுகிறது.

முதலில் சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். யார் எதை உடுத்தலாம் என்பதை அரசே எழுதி வைத்திருந்தது. 1574 ஜூன் மாதம் கிரீனிச்சிலிருந்து வந்த அரசாணை மிகவும் பேர் பெற்றது. ஊதாப் பட்டு, தங்க இழை ஓடிய துணி, சேபிள் ரோமம் எல்லாம் அரச குடும்பத்துக்கும் மேல்நிலைப் பிரபுக்களுக்கும் மட்டும். அதற்குக் கீழே வெல்வெட்டுக்கு ஒரு படி, சாட்டினுக்கு ஒரு படி என்று வரிசை இறங்கும். இன்ன பட்டம் அல்லது இவ்வளவு வருமானம் உள்ளவர்களுக்குத்தான் இன்ன துணி. இதற்கு மூன்று ஆண்டுகள் முன்னால், 1571இல், வேறு வகையான ஒரு சட்டம் வந்தது. பிரபுக்களும் அந்தஸ்துள்ளவர்களும் தவிர, ஆறு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் ஞாயிறுகளிலும் பண்டிகை நாட்களிலும் இங்கிலாந்தில் செய்த கம்பளித் தொப்பி போட வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். உள்நாட்டுக் கம்பளித் தொழிலைக் காப்பாற்றக் கொண்டுவந்தது அது. விளைவு என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை தெருவில் நடந்து போனாலே யார் சாமானியர் என்பது தலையைப் பார்த்துத் தெரிந்துவிடும்.

ஒரே விஷயத்துக்குத் திரும்பத் திரும்ப ஆணை போட வேண்டியிருந்தது என்றால் யாரும் அதைக் கேட்கவில்லை என்று பொருள். 1574 ஆணையே அதை ஒப்புக்கொள்கிறது. வெளிநாட்டுச் சரக்குக்காக நாட்டுப் பணம் கரைகிறது, கனவான் வீட்டு இளைஞர்கள் தோற்றத்துக்காக நிலத்தை அடகு வைத்து அழிகிறார்கள் என்று அதில் புலம்பல் இருக்கிறது. பணம் படைத்த வணிகன் பிரபுவைப் போல உடுத்தினான். பணமில்லாத பிரபு கடன் வாங்கி உடுத்தினான். 1604இல், எலிசபெத் இறந்த மறு ஆண்டு, இந்தச் சட்டங்களை மொத்தமாக நீக்கிவிட்டார்கள்.

இந்த மீறல் அன்றாடம் பட்டப்பகலில், காசு வாங்கிக்கொண்டு நடந்த ஓர் இடம் உண்டு: நாடக அரங்கு. 1572ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு பிரபுவின் ஆதரவு இல்லாத நடிகர் நாடோடித் திரிபவராகவே கருதப்பட்டார், தண்டனையும் உண்டு. அப்படிப்பட்ட ஆள் மேடை ஏறியதும் டியூக்கின் வெல்வெட்டில் நிற்கிறான். அந்த வெல்வெட் எங்கிருந்து வந்தது? 1599இல் லண்டன் வந்த சுவிஸ் பயணி தாமஸ் பிளாட்டர் எழுதி வைத்திருக்கிறார். பிரபுக்கள் சாகும்போது தங்கள் நல்ல உடைகளை வேலைக்காரர்களுக்கு எழுதி வைப்பார்களாம். வேலைக்காரன் அதை உடுத்துவது முறையில்லை என்பதால் குறைந்த விலைக்கு நடிகர்களிடம் விற்றுவிடுவானாம். ரோஸ் அரங்கின் முதலாளி பிலிப் ஹென்ஸ்லோவின் கணக்குப் புத்தகத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. 1603இல் ஒரு நாடகத்தை எழுதியதற்கு தாமஸ் ஹேவுட்டுக்குக் கொடுத்தது 6 பவுண்டு. அதே நாடகத்தின் கதாநாயகிக்குக் கறுப்பு வெல்வெட் கவுன் வாங்கிய செலவு 6 பவுண்டு 13 ஷில்லிங். எழுத்தை விடத் துணி விலை அதிகம். இந்த ஒரு கணக்கு போதும், அந்தக் காலத்து உடை எவ்வளவு பெரிய சொத்து என்பது புரிந்துவிடும்.

இதையெல்லாம் உள்வாங்கிக்கொண்டு எடுத்த படம் என்றால் நான் முதலில் சொல்வது ஜான் மேடன் இயக்கிய 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' (1998). காதல் கதையாகத்தான் எல்லோரும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது உடைகளைப் பற்றிய படம். ஆடை வடிவமைப்பு சாண்டி பவல், கலை இயக்கம் மார்ட்டின் சைல்ட்ஸ். இருவருக்கும் அந்த ஆண்டுக்கான ஆஸ்கர் கிடைத்தது.

கதை 1593இல் நடக்கிறது. நாயகி வயோலாவின் தந்தை பெரும் வணிகர். பணம் இருக்கிறது, பிரபுப் பட்டம் இல்லை. அவளை மணக்க வரும் வெசெக்ஸ் பிரபுவிடம் பட்டம் இருக்கிறது, பணம் இல்லை. ஷேக்ஸ்பியரிடம் இரண்டும் இல்லை. இந்த மூன்று பேரையும் வசனத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வயோலாவின் உடைகளில் பொன்னும் வெளிர் நிறங்களும் நிறைந்திருக்கும், காட்சிக்குக் காட்சி மாறும். ஷேக்ஸ்பியரோ படத்தின் பெரும்பகுதியில் ஒரே மேலுடுப்பில் சுற்றுகிறார். மேலே பொத்தான் திறந்திருக்கும், விரலில் மை ஒட்டியிருக்கும். ஒரே உடுப்பைத் திரும்பத் திரும்ப அணிவது சினிமாவில் வறுமையைச் சொல்ல மிக நேர்மையான வழி. கந்தல் மாட்டிவிட வேண்டியதில்லை, மாற்றுடுப்பு இல்லை என்று தெரிந்தால் போதும். வெசெக்ஸ் விறைத்து நிற்கிறார், அவர் உடை அவரையும் சேர்த்து விறைக்க வைக்கிறது. கடன்காரன் தன் மதிப்பைத் துணியில் தூக்கிக்கொண்டு திரியும் அவஸ்தையை காலின் ஃபிர்த்தின் நடையிலேயே பார்க்கலாம். (அவர் வர்ஜீனியாவில் தோட்டம் இருப்பதாகப் பேசுவது வரலாற்றில் பொருந்தாது. 1593இல் அங்கே ஆங்கிலேயருக்கு நிலையான குடியேற்றமே இல்லை. ஜேம்ஸ்டவுன் வந்தது 1607இல்.)

வயோலா ஆண் வேடம் போட்டு நாடகத்தில் சேர்கிறாள். பெண் ஆணாக மாறுவதைத்தான் எல்லோரும் கவனிக்கிறார்கள். கூடவே இன்னொன்றும் நடக்கிறது: அவள் வர்க்கத்திலிருந்து இறங்குகிறாள். அந்தக் காலத்துச் சீமாட்டியின் உடை ஒரே துண்டு கிடையாது. கை தனி, மார்புப் பலகை தனி, பாவாடையின் முன்பகுதி தனி, கழுத்தைச் சுற்றி நிற்கும் ரஃப் தனி. எல்லாவற்றையும் ஊசி குத்தியும் நாடா கட்டியும் சேர்க்க வேண்டும். தானாக உடுத்திக்கொள்ளவோ கழற்றவோ முடியாது. தனக்கென்று ஓர் ஆள் வேலைக்கு இருக்கிறாள் என்பதற்கு அந்த உடையே சாட்சி. ஆண் பையனின் மேலுடுப்பிலும் கால்சட்டையிலும் அவள் முதன்முறையாக யாருடைய உதவியும் இல்லாமல் நடக்கிறாள், ஓடுகிறாள், படகில் தாவி ஏறுகிறாள். அவளுடைய செவிலி எப்போதும் கூடவே நிற்பதற்கும், கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே இருப்பதற்கும் காரணம் இதுதான்.

இடங்களையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். ரோஸ் அரங்கு தேம்ஸ் நதியின் தென்கரையில், விலைமாதர் விடுதிகளும் கரடிச் சண்டைக் களங்களும் இருந்த சதர்க் பகுதியில் இருந்தது. நகர நிர்வாகத்தின் பிடிக்கு வெளியே இருந்ததால்தான் நாடகங்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. 1587இல் கட்டிய அந்த அரங்கின் அடித்தளத்தை 1989இல் தோண்டி எடுத்தார்கள். படத்துக்காக அதை முழு அளவில் மீண்டும் கட்டினார்கள். செட்டே ஒரு சமூக வரைபடம். ஒரு பென்னி கொடுத்தவன் மண் தரையில் வெயிலிலும் மழையிலும் நிற்கிறான், மேலும் காசு கொடுத்தவன் கூரைக்குக் கீழே மாடத்தில் உட்காருகிறான். ஆற்றைக் கடந்தால் வயோலாவின் உலகம். அதற்கு ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரிலுள்ள பிராட்டன் கோட்டையைப் பயன்படுத்தினார்கள். சுற்றிலும் அகழி உள்ள பழைய மாளிகை அது. ஒரு பக்கம் சேறு, மரம், கூச்சல், இன்னொரு பக்கம் கல், தண்ணீர், மெழுகுவத்தி. நடுவில் ஓடும் ஆறுதான் எல்லை. ஷேக்ஸ்பியர் படகில் அவளைத் துரத்திப் போகிற காட்சியில் அவர் கடப்பது வெறும் தண்ணீர் இல்லை.

கடைசிக் காட்சியில் ராணி கர்டன் என்ற பொது அரங்கில் சாமானியர்கள் நடுவே மறைந்திருந்து நாடகம் பார்த்ததாகக் காட்டுகிறார்கள். எலிசபெத் பொது அரங்குக்குப் போனதற்குச் சான்று எதுவும் இல்லை. நாடகக் குழுக்கள்தான் அரண்மனைக்குப் போய் நடித்தன. அது தெரிந்தே செய்த மீறல் என்றுதான் நினைக்கிறேன். உடை மாற்றி வேறு ஆளாகும் மனிதர்களைப் பற்றிய படத்தில், உச்சியில் இருப்பவரும் ஒரு முறை கீழே இறங்கி வந்து நிற்க வேண்டும். அங்கேதான் அவர் வயோலாவிடம், ஆணின் தொழிலைச் செய்யும் பெண்ணின் நிலைமை தனக்குத் தெரியும் என்கிற பொருளில் பேசுகிறார். பிறகு வெளியே வருகிறார். வழியில் சேற்றுத் தண்ணீர். பிரபுக்கள் தங்கள் மேலங்கியைக் கழற்றி விரிக்கலாமா என்று தயங்கித் தடுமாறுவதற்குள் அவர் நேராகத் தண்ணீரில் கால் வைத்து நடந்து போய்விடுகிறார்.

இந்த மேலங்கிக் கதை வால்டர் ராலேயைப் பற்றியது. ராணி சேற்றில் மிதிக்காமல் இருக்கத் தன் புது மேலங்கியை விரித்தார் என்பது 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் புல்லர் எழுதி வைத்த கதை, நடந்ததா என்பது சந்தேகம். ஆனால் அந்தக் கதையில் ஓர் உண்மை இருக்கிறது. அந்த மேலங்கி ராலேயின் முதலீடு. டெவனிலிருந்து வந்த, பெரிய பட்டமில்லாத ஒருவன் தன்னிடமிருந்த விலையுயர்ந்த பொருளைச் சேற்றில் போட்டு அரசவைக்குள் இடம் வாங்குகிறான். 2007இல் வந்த 'எலிசபெத்: தி கோல்டன் ஏஜ்' படத்தில் கிளைவ் ஓவன் அதே செயலைக் காதல் வீரச் செயலாகச் செய்கிறார். 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' அதே செயலை எடுத்து, தயங்குகிற பிரபுக்களைக் காட்டுகிறது. மேலங்கி எவ்வளவு விலை என்பது இரண்டாவதைப் பார்த்தால்தான் உறைக்கும்.

அதே 1998இல் வந்த இன்னொரு படம் சேகர் கபூரின் 'எலிசபெத்'. லாகூரில் பிறந்து இந்தி சினிமாவில் வளர்ந்த இயக்குநர் இங்கிலாந்தின் மிகப் புனிதமான கதையைக் கையில் எடுத்தார். ஆங்கிலேய வரலாற்றுப் படங்களின் அடக்கமான அழகு அவரிடம் இல்லை. அது அந்தப் படத்துக்கு நல்லதாகவே முடிந்தது. ஆடை வடிவமைப்பு அலெக்ஸாண்ட்ரா பைர்ன்.

இங்கே உடை வேறு வேலை செய்கிறது. தொடக்கத்தில் கேட் பிளான்செட் திறந்த வெளியில் தோழிகளோடு நடனமாடுகிறார். தலைமுடி அவிழ்ந்து தொங்குகிறது, துணி மெல்லியது, காற்றில் அசைகிறது. அந்தக் காலத்தில் அவிழ்ந்த கூந்தல் கன்னிப் பெண்ணுக்கு உரியது. படம் போகப் போகத் துணி கனக்கிறது, கழுத்து மூடுகிறது, ரஃப் வளர்கிறது, முகம் வெளுக்கிறது. கடைசியில் முடியை வெட்டி, வெள்ளைப் பூச்சுப் பூசி, அசையாத பதுமைபோல அவைக்குள் நுழைகிறார். அவரைச் சுற்றி இருந்த மனித வெப்பம் எல்லாம் துணிக்குள் போய்விடுகிறது. ஒப்பனைக்காக ஜென்னி ஷர்கோருக்கு ஆஸ்கர் கிடைத்தது, அது மிகத் தகுதியான விருது.

இது வெறும் ஆளுமை மாற்றம் மட்டுமா? எலிசபெத்தின் தாய் ஆன் பொலினை 1536இல் வெட்டிக் கொன்றபின், மகளை முறையற்ற பிறப்பு என்று சட்டம் அறிவித்தது. கத்தோலிக்கருக்குப் பலகாலம் அவர் அரியணைக்கு உரிமையில்லாதவர். ஆக நாட்டின் தலைமகளே ஒரு வகையில் ஏறி வந்தவர்தான். தன் உரிமையை ஒவ்வொரு நாளும் உடையால் நிறுவ வேண்டியிருந்தது. படத்தில் வரும் முடிசூட்டுக் காட்சி, லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கும் முடிசூட்டு ஓவியத்தை அப்படியே உயிர்ப்பிக்கிறது: தங்கத் துணி, எர்மின் ரோமம், தோளில் விரிந்த கூந்தல், கையில் கோளும் செங்கோலும். 1559 ஜனவரி 15 அன்று அவர் உடுத்திய அந்தத் தங்க உடை புதிதாக நெய்தது இல்லை. அக்காள் மேரி தன் முடிசூட்டுக்கு உடுத்தியதையே, மேல்பகுதியையும் கைகளையும் புதிதாகத் தைத்து மாற்றிக்கொண்டார்கள். தன்னைச் சிறையில் வைத்த அக்காளின் உடைக்குள் நின்றுதான் அவர் ராணியானார்.

அதே படத்தில் நஞ்சு தோய்த்த உடைக் காட்சி ஒன்று வரும். ராணிக்கென்று வந்த பட்டு உடையை ஒரு தோழிப்பெண் ஆசைப்பட்டு உடுத்திச் சாகிறாள். வரலாற்றில் இப்படி நடக்கவில்லை, படத்தின் கற்பனை. ஆனால் ராணி தான் உடுத்திய கவுன்களைத் தன் தோழிப்பெண்களுக்குக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. மேலே இருப்பவர் கொடுத்தால் அது பெருமை, கேட்காமல் எடுத்துப் போட்டால் எல்லை மீறல். 1574 ஆணையின் பயத்தை ஒரே காட்சியில் உடம்பில் படும்படி காட்டியதாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

ராணியின் அமைச்சர்களான வால்சிங்கமும் செசிலும் போடும் கறுப்பையும் பாருங்கள். இவர்கள் படிப்பாலும் நிர்வாகத் திறமையாலும் மேலே வந்தவர்கள். கறுப்பு எளிமையான நிறம் என்று இன்று தோன்றும். அந்தக் காலத்தில் மங்காத ஆழ்ந்த கறுப்பைத் துணியில் ஏற்றுவது செலவு பிடித்த வேலை. புராட்டஸ்டன்ட் அடக்கமும் தெரிய வேண்டும், பையில் பணம் இருப்பதும் தெரிய வேண்டும், இரண்டுக்கும் கறுப்பு பொருந்தியது. நார்ஃபக் டியூக் போன்ற பழைய குடும்பத்து ஆட்கள் நிறத்தில் வருகிறார்கள், அவர்களை வீழ்த்துகிறவர்கள் கறுப்பில் வருகிறார்கள்.

அரண்மனைக் காட்சிகளுக்கு டர்ஹம் பேராலயத்தைப் பயன்படுத்தினார்கள். 1093இல் தொடங்கிய நார்மன் கட்டடம், ஆனைக்கால்போன்ற தூண்கள். உண்மையான டியூடர் அரண்மனைகள் இப்படி இருக்காது: மரப் பலகை, திரைச்சீலை ஓவியம், வண்ணம், நெருப்பு, நெருக்கடி. லண்டன் வைட்ஹால் அரண்மனை 1698இல் எரிந்து போனது என்பதால் எப்படியும் வேறு இடம் தேடத்தான் வேண்டும். கபூர் தேர்ந்தெடுத்தது குளிர்ந்த கல்லை. காமிரா மேலிருந்து பார்க்கும்போது இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி அந்தக் கல்லின் அடியில் சின்னதாகத் தெரிகிறாள். வரலாற்று அளவில் தவறு என்று சொல்கிறவர்களின் வாதம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் மதமும் பழைய அதிகாரமும் அவள் தலைக்கு மேல் நிற்பதைச் சொல்ல மரப் பலகை உதவியிருக்காது.

பழைய ஹாலிவுட்டிலிருந்து ஒரு படத்தைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். 1939இல் வந்த 'தி பிரைவேட் லைவ்ஸ் ஆஃப் எலிசபெத் அண்ட் எசெக்ஸ்' படத்தில் பெட் டேவிஸ் தன் நெற்றி முடியைச் சிரைத்துக்கொண்டு வயதான ராணியாக நடித்தார். அப்போது அவருக்கு 31 வயதுதான். ரஃபும் பாவாடையும் இவ்வளவு பெரிதாக வேண்டாம் என்று இயக்குநர் மைக்கேல் கர்டிஸ் சொன்னதாகவும், சோதனைப் படப்பிடிப்புக்குச் சின்ன உடைகளைப் போட்டுக்காட்டிவிட்டு உண்மையான படப்பிடிப்பில் டேவிஸும் வடிவமைப்பாளர் ஓரி-கெல்லியும் பெரிய உடைகளையே கொண்டுவந்ததாகவும் ஒரு கதை உண்டு. அவர்கள் செய்தது சரி. அந்த உடையின் அளவுதான் ராணிக்கும் மற்றவர்களுக்கும் இடையிலுள்ள தூரம். சக்கரம்போல விரியும் பாவாடை அணிந்தவரை யாரும் கைநீட்டித் தொட முடியாது.

இனி வீடுகள். எலிசபெத் காலத்தில் நடக்காத படங்களில் அந்தச் சாயல் எப்படி வருகிறது என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது.

டர்பிஷயரில் ஹார்ட்விக் ஹால் என்றொரு மாளிகை, 1590களில் கட்டியது. கட்டியவர் பெஸ் ஆஃப் ஹார்ட்விக். சுமாரான நிலமுள்ள குடும்பத்தில் பிறந்து, நான்கு திருமணங்கள் வழியாக ராணிக்கு அடுத்தபடியான பெரும் பணக்காரியாக ஆனவர். வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன். அன்று கண்ணாடி மிக விலையுயர்ந்த பொருள். பெஸ் சுவரை விட ஜன்னலே அதிகமாகத் தெரியும்படி கட்டினார். மாடி ஏற ஏற ஜன்னல் உயரமாகும். கீழே வேலைக்காரர்களுக்குச் சிறிய ஜன்னல், நடுவில் குடும்பத்துக்கு இன்னும் பெரியது, உச்சியில் அரச விருந்தினருக்கான அறைகளில் மிகப் பெரியது. வெளியே நின்று பார்த்தாலே எந்தத் தளத்தில் யார் என்று தெரியும். கோபுரங்களின் தலையில் தன் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தினார்.

2010இல் வந்த ஹாரி பாட்டர் படத்தில் மால்ஃபாய் குடும்பத்து மாளிகையின் வெளித்தோற்றம் இந்த ஹார்ட்விக்கைக் கொண்டு உருவானதுதான். ரத்தச் சுத்தம் பேசுகிற, கறுப்பும் வெள்ளியுமாக உடுத்துகிற, பரம்பரைப் பெருமையில் ஊறிய குடும்பம் அது. உயர்ந்த ஜன்னல்கள் அத்தனையும் இருண்டு கிடக்கும்போது உடனே ஒரு பழைமையான, இரக்கமற்ற உயர்குடியை நாம் உணர்கிறோம். அந்த வீட்டை எழுப்பியது ரத்தப் பெருமை இல்லாமல் தொடங்கி, திருமணமும் கணக்கும் வைத்து ஏறிய ஒரு பெண். நானூறு ஆண்டுகளில் புதுப் பணம் பழைய ரத்தமாக மாறிவிட்டது.

இன்னும் வியப்பானது பேட்மேன் படங்களில் இருக்கிறது. 2005இல் வந்த 'பேட்மேன் பிகின்ஸ்' படத்தில் வேய்ன் குடும்ப மாளிகையாக வருவது மென்ட்மோர் டவர்ஸ். 1850களில் வங்கி முதலாளிகளான ராத்ஸ்சைல்ட் குடும்பத்துக்காக ஜோசப் பாக்ஸ்டன் கட்டியது. அதற்கு அவர் மாதிரியாக எடுத்துக்கொண்டது நாட்டிங்ஹாமில் இருக்கும் வொல்லட்டன் ஹால். 2012இல் 'தி டார்க் நைட் ரைசஸ்' வந்தபோது வேய்ன் மாளிகையாக வந்தது அந்த வொல்லட்டன் ஹாலே. நகல் முதலில் நடித்தது, மூலம் பிறகு நடித்தது. வொல்லட்டனை 1580களில் கட்டியவர் பிரான்சிஸ் வில்லபி, பணம் வந்தது நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து. வடிவமைத்தவர் அதே ஸ்மித்சன். எலிசபெத் காலத்து நிலக்கரிப் பணம், விக்டோரியா காலத்து வங்கிப் பணம், அமெரிக்கக் கற்பனை நகரத்துத் தொழில் பணம், மூன்றும் ஒரே கோபுரங்களுக்குள் குடியிருக்கின்றன. தங்கள் பணம் பழையது என்று காட்ட விரும்புகிறவர்களுக்கு எலிசபெத் காலத்து வடிவம் தொடர்ந்து உதவியிருக்கிறது, சினிமாவின் லொகேஷன் தேடுகிறவர்களுக்கும் அது தெரியும். 'டவுன்டன் ஆபி' தொடரின் வீடாக நாம் அறிந்த ஹைகிளேர் மாளிகைகூட 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பாணியில் புதுப்பித்ததுதான். 2005இன் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' படத்தில் அகந்தை பிடித்த லேடி கேத்தரின் வீடாக வரும் பர்லி ஹவுஸ், மேலே சொன்ன அதே கறுப்பு உடை அமைச்சர் வில்லியம் செசில் கட்டியது.

உடையில் அந்தச் சாயல் வருவதற்கு ரஃப் ஒன்றே போதுமாக இருக்கிறது. டிம் பர்ட்டனின் 'ஆலிஸ் இன் வொண்டர்லாண்ட்' (2010) படத்தின் சிவப்பு ராணியைப் பாருங்கள்: பெரிய நெற்றி, வெளுத்த முகம், செந்நிற முடி, நிமிர்ந்த காலர். யாரும் எலிசபெத் என்று சொல்லவில்லை, ஆனால் கொடுங்கோல் அரசி என்றதும் அந்த முகம் வந்து நிற்கிறது. ரஃப் ஏன் இவ்வளவு வலுவாகப் பேசுகிறது? அதை அணிந்தவர் குனிய முடியாது, சுமை தூக்க முடியாது, தன் கையையே சரியாகப் பார்க்க முடியாது. வேலை செய்யாதவர் என்பதை உடம்பு தானாகச் சொல்லிவிடுகிறது. அதன் பின்னால் வேலை செய்யும் உடம்புகள் இருந்தன. 1564இல் ஃபிளாண்டர்ஸிலிருந்து லண்டன் வந்த டிங்கன் வான் டெர் பிளாஸ் என்ற பெண், துணிக்குக் கஞ்சி போடும் கலையைக் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் துவைத்து, கஞ்சி போட்டு, சூடேற்றிய கம்பியால் மடிப்பு மடிப்பாக நிமிர்த்த வேண்டும். மழை வந்தால் எல்லாம் தொங்கிவிடும். எந்தப் பெரிய படமும் இந்தச் சலவை வேலையை நிதானமாகக் காட்டி நான் பார்த்ததில்லை. அது எனக்குப் பெரிய குறை.

2018இல் ஒரே துணி இரண்டு எதிர்த்திசையில் போனதையும் சொல்ல வேண்டும். 'மேரி குவீன் ஆஃப் ஸ்காட்ஸ்' படத்துக்கு அலெக்ஸாண்ட்ரா பைர்ன் ராணிகளுக்கே டெனிமில் உடை தைத்தார். வடிவம் 16ஆம் நூற்றாண்டு, துணி நம் ஜீன்ஸ் துணி. அதனால் அந்த மனிதர்கள் குதிரை ஏறுகிறவர்களாக, வியர்க்கிறவர்களாகத் தெரிகிறார்கள். ஆனால் ஸ்காட்லாந்து ராணி மேரிக்கும் அவள் பணியாளுக்கும் இடையிலுள்ள துணி வித்தியாசம் கரைந்துவிட்டது, அந்த இழப்பைப் படம் ஈடு செய்யவில்லை. அதே ஆண்டு 'தி ஃபேவரிட்' படத்தில் சாண்டி பவல் பழைய டெனிமை அடுக்களை வேலைக்காரிகளுக்கு மட்டும் கொடுத்தார். கதை ஆன் ராணியின் காலத்தது, நூறு ஆண்டுகள் பிந்தையது. படமான இடமோ ஹேட்ஃபீல்ட் ஹவுஸ், எலிசபெத்தின் ரெயின்போ ஓவியம் தொங்கும் வீடு. நீலம் போட்டவர் வேலைக்காரர் என்பது எலிசபெத் காலத்திலும் இருந்தது, பணியாட்களின் சீருடை பெரும்பாலும் நீலக் கோட்டுதான். அந்தப் படத்தில் டெனிமில் தொடங்கும் வேலைக்காரி அபிகேல் கறுப்பு வெள்ளைப் பட்டுக்கு ஏறுவதை நாம் துணியிலேயே பின்தொடர முடிகிறது. இரண்டில் பவல் செய்ததே எனக்குப் பிடித்தது.

வரலாற்றுத் துல்லியம் வேண்டுமா என்றும் உங்கள் கேள்வியின் ஓரத்தில் இருந்தது. எலிசபெத் உடுத்திய முழு கவுன் ஒன்றுகூட இன்று இல்லை. ஹெரிஃபோர்ட்ஷயரின் பாக்டன் கிராமத் தேவாலயத்தில் பீடத்துணியாகக் கிடந்த ஒரு வெள்ளி இழைத் துணியை அவருடைய உடையின் பகுதியாக இருக்கலாம் என்று அண்மையில் நிபுணர்கள் அடையாளம் கண்டார்கள். மற்றபடி ஓவியங்களும் உடைக் கணக்குகளும்தான் ஆதாரம். ஓவியங்களோ அரசு தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று விரும்பியதோ அதைக் காட்டுபவை. அவற்றை அப்படியே நகலெடுத்தால் ராணியின் விளம்பரத்தைத்தான் நாம் மறுபடி எடுப்போம். எனவே நான் துல்லியத்தை விட உறவைப் பார்க்கிறேன்: இந்த உடைக்கு யார் பணம் கொடுத்தது, யார் கட்டிவிட்டது, யார் போடக்கூடாததை யார் போட்டிருக்கிறார். தலைமூடாமல் தெருவில் திரியும் கூட்டத்தைக் கண்டால் மட்டும் எனக்கு உறுத்தும். அந்த நகரத்தில் தொப்பியோ துணியோ இல்லாத தலை மிக அரிது.

எதிலிருந்து தொடங்கலாம் என்றால், முதலில் 'ஷேக்ஸ்பியர் இன் லவ்', அடுத்து கபூரின் 'எலிசபெத்', பிறகு இதே சாண்டி பவல் உடை வடிவமைத்த 'ஆர்லாண்டோ' (1992). மூன்றாவதில் குவென்டின் கிரிஸ்ப் என்ற ஆண் எலிசபெத் ராணியாக வருகிறார், ஹேட்ஃபீல்டில்தான் எடுத்தார்கள். அதை முடித்தபின் பேட்மேன் படத்தின் மாளிகைக் காட்சிகளை மறுபடி போட்டுப் பாருங்கள்.